தூறல் சொன்ன வெயில்

அந்தத் தாழ்நிலக் காட்டில் கல் கிடையாது. மண்ணைத் தோண்டினால் களிமண், இன்னும் தோண்டினால் இன்னும் கொஞ்சம் களிமண். மற்ற ஊர்களில் யாராவது குனிந்தால் நாய்கள் ஓட்டம் பிடிக்கும். இந்த ஊர் நாய்கள், பாவம் இடுப்புப் பிடித்துக்கொண்டதோ என்று நின்று பார்க்கும். நிலம் அவ்வளவு தட்டை என்பதால் தண்ணீருக்கே எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. ஓடைகள் ஒரு மாதம் கிழக்கே ஓடும், ஆறு நிரம்பினால் மனம் மாறி வந்த வழியே திரும்பும். மேடு என்று சொல்லிக்கொள்ள எறும்புப் புற்றுகள் உண்டு.

மழைக்கும் அங்கே ஒழுங்கு இல்லை. வருடத்தில் இரண்டு பருவம்: மழைக்காலம், மழை கொஞ்சம் குறைந்த காலம். இரண்டிலும் மழை பெய்யும். ஒரே காட்டில் இந்த முனையில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது அந்த முனையில் கொட்டும். வானம் நிறுத்திய பிறகும் மரங்கள் நிறுத்துவதில்லை. இலை மேல் இலையாக வாங்கி வைத்ததை அரை நாள் வரைக்கும் சாவகாசமாகச் சொட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் காட்டை ஊடறுத்து ஒரு சாலை. ஒரு முனையில் மரம் வெட்டுகிறவர்களின் குடியிருப்பு. மறு முனையில் தார் ரோடு, அதைப் பிடித்தால் டவுன். களிமண் சாலை காய்ந்திருந்தால் சிமெண்டு, நனைந்தால் சோப்பு. ஈரத்தில் பாரம் ஏற்றிய ஒரே ஒரு லாரி போனால் போதும், சக்கரத் தடம் இடுப்பளவுக்கு விழும், அடுத்த வெயிலில் அது அப்படியே இறுகும், அப்புறம் யாரும் எங்கும் போக முடியாது. ஆகவே இரண்டு முனையிலும் மழைத்தடுப்பு. எந்த முனையில் மழை பெய்தாலும் இரண்டு தடுப்பும் இறங்க வேண்டும். கடைசிச் சொட்டு விழுந்து நாலு மணி நேரம் ஆன பிறகுதான் ஏற வேண்டும். நடந்து போகிறவர்களுக்குத் தடையில்லை. சக்கரம் இருந்தால் நிற்க வேண்டியதுதான். கடைசிச் சொட்டு என்றால் வானத்தின் கடைசிச் சொட்டா, மரத்தின் கடைசிச் சொட்டா என்று ஆபீஸ் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையில் பாதி இல்லை.

குடியிருப்பு முனையின் தடுப்பைப் பார்த்துக்கொண்டவளுக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் இடி. முகத்துக்கு நேரே அக்கா. காலையில் எழுந்ததும் அவளுக்குக் கோபம் வரும் என்று சொல்வது சரியல்ல. கோபம் முன்பே எழுந்து அவளுக்காகக் காத்திருக்கும். தீக்குச்சி பற்றாது. உப்பு டப்பாவில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர் இருக்கும். நேற்றுக் கழற்றிப் போட்ட செருப்பில் இன்று வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். துணி காயாது, காயாத துணியை உடம்பில் போட்டுத்தான் காய வைக்க வேண்டும். இதையெல்லாம் யாரிடம் கேட்பது? தடுப்புக்கு முன்னால் வந்து நிற்கிறவனிடம்தான்.

மறு முனையின் தடுப்பு அவள் கணவர் பொறுப்பு. புருஷன் பெண்டாட்டி என்றால் எப்படியும் பேசிக்கொள்வார்கள், தகவல் தாமதமில்லாமல் போகும் என்று கணக்குப் போட்டு ஆபீஸ் அவர்களை இரண்டு முனையில் உட்கார வைத்தது. ஆபீஸ் தெரிந்தே நகைச்சுவை செய்வதில்லை. லீவு நாளில் அவர் லாரி ஏறி வீட்டுக்கு வரலாம். மழை இல்லாத லீவு நாளாக இருக்க வேண்டும். ஆகவே அவர்கள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் காட்டு மரங்களில் கட்டிய கம்பி வழியாக வரும் போனில்தான். 'மழையா?' 'மழைதான்.' 'சரி, வைங்க.' அவர் அதிர்ந்து பேசாதவர். லாரிக்காரர்கள் அவருக்குத் தூறல் என்று பெயர் வைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

அவர்களுக்கு ஒரே மகள். வளர்ந்து, படித்து, ரத்தப் பரிசோதனைப் படிப்பை முடித்தும் வீட்டில் அவள் பாப்பாதான். பாப்பாவுக்கு இழுப்பு. சுவரில் பூஞ்சை படர்ந்தால் அவள் நெஞ்சில் விசில் கேட்கும். உலர்ந்த ஊரில் போய் இருக்கச் சொல்லுங்கள், மருந்தெல்லாம் அப்புறம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். உலர்ந்த ஊரில், மலைக்கு மேலே, ஓர் ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது. ஆள் எடுப்பது டவுனில், ஒரே ஒரு நாள், மத்தியானம். அந்த நாளை விட்டால் அடுத்து எப்போது ஆள் எடுப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாதாம்.

முந்தின நாளே கிளம்பிப் போய் டவுனில் தங்கு என்றுதான் இடி சொன்னாள். வானமும் திறந்திருந்தது, டவுனுக்கு ஆள் ஏற்றும் வேனும் இருந்தது. அப்போது தூறல் போனில் வந்தார். "அவசரமே இல்லம்மா. நாளைக்கு இங்க வெயில்தான். காலையில நிதானமா கிளம்பி வரட்டும்" என்றார். பாப்பாவும் அப்பா சொன்னால் சரி என்று இருந்துவிட்டாள்.

விடிந்தது. குடியிருப்பு முனையில் நல்ல வெயில். போன் அடித்தது.

"மழைம்மா."

"எங்க?"

"இங்கதான். நடுராத்திரியிலேர்ந்து."

இடி போனைக் காதிலிருந்து எடுத்து அதையே ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். அவள் எவ்வளவு கோபத்திலும் கணவரிடம் மரியாதை குறைக்கமாட்டாள். மரியாதையோடு திட்டினால் திட்டு இன்னும் நன்றாக உறைக்கும் என்பது அவள் அனுபவம். "நேத்து வெயில்னு சொன்ன மகராசர் நீங்கதானே?"

"சொன்னேன்."

"இப்ப மழைன்னு சொல்றதும் நீங்கதானே?"

"பெய்யுதேம்மா."

"போனை வெளிய நீட்டுங்க. நான் கேக்கணும்."

அவர் நீட்டினார். சொட், சொட சொட, சொட்.

"அது மரம்!" என்று இடி கத்தினாள். தடுப்புக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மழைன்னா ஒண்ணா சேர்ந்து கேக்கும். இது ஒண்ணொண்ணா கேக்குது. உங்க தலைமேல நிக்குற மரம் சொட்டுதுங்க, அதைப் போய் மழைங்கறீங்க!"

"மரத்துக்கு அந்தப் பக்கம் வானமும் சொட்டுதும்மா."

"நீங்க எட்டிப் பாத்தீங்களா?"

"நனைஞ்சுட்டுத்தான் பேசறேன்."

அவள் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. அந்த மனுஷன் மரம் சொட்டுவதையும் மழைக்கணக்கில் சேர்ப்பவர். கடைசி இலையின் கடைசிச் சொட்டு தகர ஓட்டில் விழும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்து, அதற்கு மேல் நாலு மணி நேரம் எண்ணுவார். இதைப் பற்றி அவர்களுக்குள் நடந்த சண்டைகளில் அந்தப் போன் கம்பி தேய்ந்தது. ஆனால் அவர் அப்படி ஆனதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் இடியேதான். பல வருடம் முன்பு, பல்வலியில் கன்னம் வீங்கி அழுத ஒரு லாரிக்காரனுக்கு இரக்கப்பட்டு அவர் ஈரத்தில் தடுப்பைத் தூக்கினார். பல்வலிக்காரன் போனான், பின்னாலேயே தடமும் போனது. ஒரு வாரம் சாலை செத்துக் கிடந்தது, குடியிருப்புக்குச் சாமான் வரவில்லை. தூக்கியது யார் என்று தெரிந்தேதான் இடி ஆபீசுக்குப் புகார் சொன்னாள். ஆபீஸ் அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசியது. அன்றைக்குப் பிறகு தூறல் யாருக்கும் இரக்கப்படுவதில்லை; மரம் சொட்டினால்கூட விதியைச் சொல்கிறார்.

ஆனால் இன்றைக்கு அவள் நினைத்தது வேறு. பாப்பா மலைக்குப் போகிறாள் என்ற பேச்சு எடுத்த நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு முகம் சரியில்லை, அதாவது குரல் சரியில்லை. போனில் முகம் தெரிவதில்லை. மகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள மரத்தைச் சொட்ட விடுகிறார். பொண்ணு மூச்சுவிடத் திணறினாலும் பரவாயில்லை, கண் முன்னால் திணறட்டும் என்று நினைக்கிறார். இந்த எண்ணம் வந்த பிறகு இடிக்கு நிற்க இடம் போதவில்லை.

பாப்பா வேனின் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சான்றிதழ்கள் இருந்த தகர டப்பா. பூஞ்சைக்குப் பயந்து சுண்ணாம்புக்கட்டி போட்டு மூடி வைத்தது.

"அம்மா, விடும்மா. இப்ப நடந்தாக்கூட நேரத்துக்குப் போக முடியாது."

"நடக்கறதா? நீயா? இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டா?"

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

இடி தடுப்புச் சாவியை இடுப்பிலிருந்து உருவினாள். கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்த வேன்காரரைக் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். "வண்டியை எடுங்க. முன்னால கொண்டாங்க."

லாரி வரிசையில் ஒரு சலசலப்பு. எல்லா லாரியிலும் மரம், எல்லாருக்கும் அவசரம். மழையிலும் வெயிலிலும் குளியலிலும் தொப்பியைக் கழற்றாதவன் என்பதால் தொப்பி என்று பெயர் பெற்ற டிரைவர் இறங்கி வந்தான்.

"அக்கா, அந்தப் பக்கம் மழைன்னு இப்பதானே போன் வந்துச்சு?"

"வந்துச்சு."

"அப்ப வேன் மட்டும் எப்படிப் போகும்?"

"சக்கரத்துல போகும்."

"எங்களுக்கும் சக்கரம் இருக்குக்கா. பத்துப் பத்து இருக்கு."

"அதனாலதான்டா நீ நில்லு."

"மகளுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?"

"ஆமா!" என்றாள் இடி. இந்தக் கேள்விக்கு யாரும் இப்படி ஒப்புக்கொள்ளும் வழக்கமில்லாததால் தொப்பிக்கு அடுத்த வரி வரவில்லை. "இத்தனை வருஷமா எல்லாருக்கும் ஒரே நியாயம்தான் வெச்சிருந்தேன். பாராட்டி ஒருத்தன் ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பியா? இன்னைக்கு ரெண்டு நியாயம். போய்ப் புகார் சொல்லு. ஆபீஸ் நம்பர் வேணுமா?"

தடுப்பு ஏறியது. வேன் உள்ளே போனதும் அவள் அதை இறக்கிப் பூட்டி, லாரிகளுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு போனுக்குப் போனாள்.

"வேனை அனுப்பிட்டேன்."

"பெய்யுதும்மா."

"பெய்யட்டும். வரும்போது தடுப்பைத் தூக்கிவிடுங்க. உங்க மகதான், வேற யாரும் இல்ல."

"தூக்கறது பெரிசில்ல. வந்து சேரணுமே."

அவள் போனை வைத்த வேகத்தில் அது பாதியில் தொங்கியது. மறுபடி எடுத்து ஒழுங்காக வைக்க வேண்டியிருந்தது. அதுவும் கோபத்தைத்தான் கூட்டியது.

வேன் டவுனுக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் வந்தது, போனது. குடியிருப்பு முனையில் ஒரு மேகமும் இல்லை. டீக்கடைப் பெஞ்சில் லாரிக்காரர்கள் சீட்டாடினார்கள். அவளைப் பார்த்து ஒருவனும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு தூரத்திலிருந்தே தெரிந்தது. போனை எடுத்துக் கேட்கலாம். கேட்டால் அவர் ஜெயித்ததாக ஆகும். அவள் தடுப்பின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள், பூட்டுக்கு ஏதோ சொன்னாள்.

கடைசியில் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். பாப்பா.

"அம்மா, வேன் சேத்துல மாட்டிக்கிச்சு. அச்சு வரைக்கும் இறங்கிடுச்சு. நான் நடந்து அப்பாகிட்ட வந்துட்டேன்." வார்த்தைகளுக்கு நடுவில் விசில்.

"மூச்சு இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் பேசறேன்."

"மழை பெய்யுதாடி அங்க? மறைக்காம சொல்லு."

"தலையிலேர்ந்து கால் வரைக்கும் பெய்யுது. கண்ணைத் திறக்க முடியல. நடுராத்திரியிலேர்ந்து விட்டு விட்டுப் பெய்யுதாம்."

தப்பு தன் பக்கம் என்று தெரிந்தால் கோபம் வடிந்துவிடும் என்று யாரோ கோபப்படாதவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். இடிக்குப் பொங்கியது. மழை மேல், வேன் மேல், கல் இல்லாத நிலத்தின் மேல், உண்மை சொல்லித் தொலைத்த கணவர் மேல். அவர் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

"அப்பா தார் ரோட்டுல ஒரு பால் வண்டியை மறிச்சு நிறுத்தி வெச்சிருக்காரு. அவரோட காஞ்ச சட்டையைக் குடுத்திருக்காரு, போட்டுக்கிட்டேன். நான் போறேன். போய்ப் பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போட்டுக்கங்க. வேன்காரர் நடுக்காட்டுல நிக்கறாரும்மா. வண்டிக்குள்ள ஒரு கைக்குழந்தைக்காரி வேற இருக்கா. அப்பா மண்வெட்டி எடுத்துட்டுக் கிளம்பறாரு. நீ கயிறு அனுப்பு."

வைத்துவிட்டாள்.

கயிறு லாரிக்காரர்களிடம்தான் இருந்தது. மரம் கட்டும் கயிறு, யானையையே இழுக்கும். இடி சீட்டாட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். யாரும் தலைநிமிரவில்லை.

"வேன் மாட்டிக்கிச்சு" என்றாள்.

"அடடா" என்றான் தொப்பி, சீட்டைப் பார்த்துக்கொண்டே. "சக்கரம் இருந்துச்சேக்கா."

இன்னொருவன் இருமலை வரவழைத்துக்கொண்டு எழுந்து ஓரமாகப் போனான்.

"கயிறு வேணும். ஆளும் வேணும்."

"லாரியை எடுத்துட்டு வரட்டுமாக்கா? ஒரே இழுப்பு."

"லாரியை எடுத்தே, டயரைக் கடிச்சுத் துப்பிடுவேன். நடந்து வாங்கடா."

"நடந்தா? அவ்வளவு தூரமா? எந்த நியாயத்துல கூப்பிடுறீங்க? ஒண்ணாவதுலயா, ரெண்டாவதுலயா?"

அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கையோடு, "ஒரு கைக்குழந்தை இருக்குடா உள்ள" என்றாள். தொப்பி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? எங்களை எப்பதான் மனுஷங்களா நினைச்சீங்க" என்று அவனும் கோபமாகத்தான் சொன்னான். அந்த நாளில் யாரும் சாந்தமாக ஒரு நல்ல காரியம் செய்வதாக இல்லை.

இடி போய்விட்டால் தடுப்பை யார் காப்பது? அதற்கு அவள் கண்ட வழி எளிமையானது. ஒரு டிரைவர் விடாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டாள். ஓட்ட ஆளில்லாத லாரிகளுக்குக் காவல் எதற்கு?

நடந்தார்கள். சாலைக்கு மேலே மரங்கள் கைகோத்துக்கொண்டதில் வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரிந்தது. முதலில் கால் பட்ட இடமெல்லாம் டொக் டொக் என்று கேட்டது. அப்புறம் மண் மெத்தென்றது. அப்புறம் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு காலை மட்டும் அனுப்பியது. இத்தனை வருடத்தில் இந்தச் சாலையை ஈரத்தில் நடந்து அவள் பார்த்ததில்லை. ஈரத்தில் மூடியே வைத்திருந்தாள். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். மரமில்லை. வானம். அடுத்த நிமிடம் ஒரு சுவரைத் தாண்டி வேறு வீட்டுக்குள் வந்தது போல மழைக்குள் வந்துவிட்டார்கள்.

வேன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது. கைக்குழந்தைக்காரி உள்ளே குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அது மட்டும்தான் அந்தக் காட்டில் நிம்மதியாகத் தூங்கியது. தூறல் முன்னதாகவே வந்து, சட்டையில்லாத உடம்போடு, முன் சக்கரத்துக்கு அடியில் கிளைகளை வெட்டித் திணித்துக்கொண்டிருந்தார். அவரை நேரில் பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. இளைத்திருந்தார். அதுவும் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"வந்துட்டியா? இப்ப பாத்துக்க" என்றார், வானத்தைக் காட்டி.

"பாத்தேன். பெய்யுது. அதுக்கென்ன இப்ப? மாலை போடணுமா?"

"பொய் சொல்றேன்னு நினைச்சே."

"நினைச்சேன். நேத்து வெயில்னு சொன்னீங்க, இன்னைக்கு மழைன்னா என்னத்தை நினைக்கறது?"

தூறல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். லாரிக்காரர்கள் வேனின் பின்பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"இன்னைக்குச் சொன்னது நெசம்" என்றார் மெல்ல. "நேத்து சொன்னதுதான் பொய். மேகம் கட்டியிருந்துச்சு. பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"என்னது?"

"ஒரு நாள் கூட இருக்கட்டுமேன்னு பாத்தேன். போயிட்டா திரும்பியா வரப்போறா."

மழை கொட்டியது. இடி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. ஆனால் அவள் குறி வைத்தது இன்றைய மழைக்கு. குற்றம் நேற்றைய வெயிலில் இருந்தது. வந்தது ஒரே ஒரு வாக்கியம்.

"அவ ஒரு மணி நேரம் இந்தச் சேத்துல நடந்திருக்கா. நடுவுல மூச்சு நின்னிருந்தா?"

"தெரியும்" என்றார். "வாசல்ல வந்து நின்னப்ப பாத்தேன். நான் நேத்து சொன்னதுதான் நடந்து வந்த மாதிரி இருந்துச்சு."

இடி கயிற்றின் நுனியைப் பிடித்தாள். "இழுங்கடா! சும்மா நின்னு சினிமாவா பாக்கறீங்க?"

"ரெடியாத்தான் இருக்கோம்" என்றான் தொப்பி. "நீங்க முடிப்பீங்கன்னு பாத்தோம்."

"நாங்க எங்கடா முடிக்கிறது. இழு!"

இழுத்தார்கள். தூறல் முன்னாலிருந்து தள்ளினார், அவள் பின்னாலிருந்து இழுத்தாள், வேன்காரர் உள்ளேயிருந்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். வேன் ஓர் அங்குலம் ஏறி இரண்டு அங்குலம் இறங்கியது. அவர் தப்பாகத் தள்ளுவதாக அவள் சொன்னாள். அவள் கோணலாக இழுப்பதாக அவர் சொன்னார். அதுவும் கத்திச் சொன்னார். தூறல் கத்திக் கேட்டது லாரிக்காரர்களுக்கு அதுதான் முதல் தடவை. பயத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். வேன் பெரிய சத்தத்தோடு வெளியே வந்தது. அது கிடந்த இடத்தில் ஒரு குளம் இருந்தது.

"ரோடு போச்சு" என்றார் தூறல் அதைப் பார்த்து. "ஆபீசுக்குச் சொல்லணும்."

"சொல்லுங்க."

"உன் பேரைச் சொல்லணும்."

"பின்னே? மரத்தோட பேரையா சொல்லப் போறீங்க? நான்தான் திறந்தேன், சொல்லுங்க. நேத்து வெயிலைப் பத்தியும் சொல்வீங்கல்ல?"

"சொல்றேன்."

"அப்ப சரி. அந்தக் கிளையை இப்படி எடுங்க. அப்படி இல்ல. குழியை இப்படியே விட்டா இறுகிடும்."

லாரிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கிளை வெட்டினார்கள். குழியை அடைத்து மண்ணை மிதித்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அந்த நேரத்தில் காட்டின் இரண்டு முனையிலும் போன் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. எடுக்க ஆளில்லை. டவுனில், அப்பாவின் தொளதொள சட்டையோடு, சேறு காய்ந்த காலோடு, ஒரு போன் கடையில் நின்று பாப்பா திரும்பத் திரும்ப இரண்டு எண்ணையும் சுழற்றிப் பார்த்தாள். மறுநாள் காலையில்தான் அம்மா கிடைத்தாள்.

"எங்கதான் போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்?" கம்பி அதிரக் கத்தினாள். "ஒரு நல்ல சேதியைச் சொல்ல ஒரு ஆள் இல்ல! கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்தேன், வேலை கிடைச்சிடுச்சுன்னு. அவருக்கு என்ன புரியும்?"